ஆறு நிமிடப் பாடத்துக்கு நாற்பது நிமிடம்

இந்த ஆண்டிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் ஒரு பங்கைக் கைபேசி வழியாகவே நடத்த வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகக் கல்வியியல் துறையில் முடிவாகியிருக்கிறதாம். நான் விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்து இன்னும் ஒரு சம்பா முழுதாக விளையவில்லை. அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள்.

"மேடம், ஒரு பாடம் எத்தனை நிமிஷம் வைக்கலாம்?"

"ஆறு."

"யார் யார் பார்த்தாங்கன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

இரண்டாவது கேள்விக்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால்தான் உண்டு. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிறவி நான். இதையும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து நடந்துதான் எழுதுகிறேன்.

நான் பயிற்சி படித்த கதை சின்னது. அகலமான ஒரு நோட்டு. பக்கத்தின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இடப்பக்கம் 'ஆசிரியர் செயல்', வலப்பக்கம் 'மாணவர் செயல்'. நாம் கேட்கப்போகும் கேள்வி இந்தப் பக்கம், பிள்ளைகள் சொல்லப்போகும் பதில் அந்தப் பக்கம். வகுப்புக்குப் போவதற்கு முந்தின நாளே இரண்டையும் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். என் நோட்டில் இருந்த பிள்ளைகள் மகா கெட்டிக்காரர்கள். ஒருவர்கூடத் தப்பாகச் சொன்னதில்லை, ஒருவர்கூடக் கொட்டாவி விட்டதில்லை. அந்தப் பிள்ளைகளை நம்பித் தேர்ச்சி பெற்றேன். பிறகு நானே அறிவியல் கற்பித்தல் முறைக்குப் பயிற்றுநராகி, அதே நோட்டுகளை வருடக்கணக்கில் திருத்தினேன். வலப்பக்கம் காலியாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவேன்.

நோட்டை விட எனக்குப் பிடித்தது நுண்ணிலைக் கற்பித்தல். அதன் முறை கறாரானது. பயிற்சி மாணவர் ஒருவர் எழுந்து ஆறு நிமிடம் மட்டும் பாடம் எடுப்பார். அந்த ஆறு நிமிடத்தில் ஒரே ஒரு திறன்: கேள்வி கேட்பது, அல்லது உதாரணம் சொல்வது, அல்லது கரும்பலகையில் எழுதுவது. சக மாணவர்களே பிள்ளைகளாக எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. பிறகு எல்லாரும் குறை நிறை சொல்வோம். அவர் வெளியே போய்த் திட்டத்தை மாற்றிக்கொண்டு வந்து, அதே ஆறு நிமிடத்தை மறுபடியும் எடுப்பார். இரண்டாவது முறை குரல் மாறியிருக்கும். வாய்க்காலில் மடை திறந்ததும் முதலில் குப்பையும் நுரையும் வரும், அப்புறம் தெளிந்து வரும், அந்த மாதிரி.

கைபேசிப் பாடம் என்ற எண்ணம் வந்தது ரயிலால். கீழ்வேளூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிற மாணவிகள் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்குக் காலைப் பாசஞ்சரில் வருவார்கள். அந்த வண்டி வரும்போது என் முதல் பாடவேளை முடிந்திருக்கும். வாரத்தில் நாலு நாள் இந்தக் கூத்து. பிந்தி வந்தவர்கள் வகுப்பு வாசலில் நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சரி, முதல் பாடவேளையை அவர்கள் கைக்கே அனுப்பிவிடுவோம் என்று தோன்றியது.

ஆய்வகத்தில் பியூரெட் பிடிக்கிற இரும்பு ஸ்டாண்டில் என் போனைக் கவ்வ வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். வியர்க்க வியர்க்க ஆறு ஆறு நிமிடமாகப் பாடங்களைப் பதிவு செய்து ஒரு செயலியில் ஏற்றினேன். கேள்வி கேட்பேன். உடனே நானே பதிலும் சொல்வேன். நோட்டுப் பழக்கம். வலப்பக்கம் காலியாக இருக்கக் கூடாதே.

துறைத்தலைவர் சந்தானம் சாரிடம் அனுமதி வாங்கப் போனேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேசையில் வருகைப் பதிவேடு, பச்சை மைப் பேனா, ஓரம் தேய்ந்த ஒரு மர ஸ்கேல். பதிவேட்டில் எந்தப் பெயரைப் படித்தாலும் அதன் அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் படிப்பார். கண் ஒரு வரி நழுவினால் ஒரு பிள்ளையின் வருடம் நழுவிவிடும் என்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அப்படியா" என்ற ஒரே சொல்லில் சம்மதம், சந்தேகம், கோபம் மூன்றையும் வைத்திருந்தார். எது எப்போது வருகிறது என்று பழகப் பழகத்தான் தெரியும்.

"பார்த்தாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார். இன்று இளையவர்கள் கேட்கிற அதே கேள்வி.

"செயலியில ஆளுக்கு ஒரு பெயர் இருக்கு சார். யாரு எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னு அதுவே காட்டும்."

"அப்படியா." இது சம்மதம். கைபேசிப் பாடம் பார்த்தால் முதல் பாடவேளைக்கு வருகை உண்டு என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கையெழுத்தே சுருக்காகிக் கழுத்துக்கு வந்தது.

பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்புகிறவர்களின் பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை போக வேண்டும். அந்த வாரத் திங்கட்கிழமை சந்தானம் சார் கூப்பிட்டார். செயலியின் கணக்கை அச்செடுத்து வைத்திருந்தார். ரயிலில் வருகிற ஏழு பேரில் ஆறு பேருக்கு நேராகப் பூஜ்யம். இரண்டு மாதமாக ஒரு பாடம்கூடப் பார்க்கவில்லை. ஏழாமவள், கீழ்வேளூர் நூர்ஜஹான் பெயருக்கு எதிரில் மட்டும் எல்லாப் பாடமும் இருந்தது. அதிலும் ஒரு விசித்திரம். ஆறு நிமிடப் பாடம் ஒவ்வொன்றையும் அவள் நாற்பது நிமிடம் பார்த்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு போனை ஓட விட்டுட்டுத் தூங்குது போல" என்றார். "மத்த ஆறு பேரும் வரலைன்னுதான் அர்த்தம். வருகை பத்தாது. பயிற்சிக்கு அனுப்ப முடியாது. அடுத்த வருஷம் பார்த்துக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. வியர்வை சிந்திப் பதிவு செய்த பாடம் யாருக்கும் வேண்டாமா? நேராக வகுப்புக்குப் போய் ஏழு பேரையும் எழுப்பி நிற்க வைத்து, பேசக் கூடாததெல்லாம் பேசினேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நூர்ஜஹான் மட்டும் ஏதோ சொல்ல வந்தாள். பக்கத்தில் நின்ற கவிதா அவள் முழங்கையைத் தொட்டாள். அவ்வளவுதான், அவளும் அடங்கிவிட்டாள்.

கவிதாவும் கீழ்வேளூர்தான். முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். வகுப்பில் எல்லாருக்கும் அவள் அக்கா. மத்தியானம் வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், எங்க அத்தை ரெண்டு வருஷம்னு சொல்லித்தான் விட்டாங்க. புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு நடவுக்கும் போறாங்க. மூணாவது வருஷம்னு போய்க் கேக்க எனக்கு வாய் வராது மேடம். நின்னுட வேண்டியதுதான்."

"அப்ப ஏன் பாடம் பார்க்கல?"

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "பாக்காம இல்ல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை கீழ்வேளூரில் ஒரு பள்ளிக்குப் போகும் வேலை வந்தது. என் சொந்த அக்கா வீடு அங்கேதான். தங்கிவிட்டு வியாழக்கிழமை காலை அதே பாசஞ்சரில் ஏறினேன். முகத்தில் மாஸ்க். சன்னலோரம் சாய்ந்தேன். இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. நட்டு ஒரு நாளான வயல், மூன்று நாளான வயல், பச்சை பிடித்த வயல் என்று வண்டி ஓட ஓட நிறம் மாறி மாறி வந்தது. திருவாரூர் தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து என் குரலே கேட்டது.

"காலடியில் தண்ணீர் நிற்கிறது. பிறகு ஏன் நட்ட நாற்று மூன்று நாள் வாடி நிற்கிறது? ஏனென்றால்..."

"நிறுத்துடி, நிறுத்துடி. மேடம் சொல்லிடப் போறாங்க."

குரல் நின்றது. என் 'ஏனென்றால்' அந்தரத்தில் தொங்கியது.

"ம்... யாரு முதல்ல? பிரியா, நீ சொல்லு."

"வெயிலுப்பா. வெயில் தாங்கல."

"நாத்தங்கால்லயும் அதே வெயில்தானடி அடிச்சுது? அங்க மட்டும் ஏசி போட்டிருந்தாங்களா?"

சிரிப்பு.

"சேறு சூடு."

"எழுதிக்க, எழுதிக்க. இதைப் பசங்க கண்டிப்பா சொல்லும். கவிதாக்கா, ஒங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

"எங்க அத்தை சொல்லுது, நாத்துக்குப் புது எடம் கூச்சமாம். கல்யாணமாகி வந்த பொண்ணு மூணு நாள் சாப்பிடாம உக்காந்திருக்கும்ல, அது மாதிரியாம்."

"அய்யோ, அத்தையத் தூக்கி நம்ம டிப்பார்ட்மென்ட்ல போடணும்."

"சிரிக்காத. ஒரு புள்ள இப்படிச் சொன்னா நீ என்ன பண்ணுவ? தப்பு, உக்காருன்னுடுவியா? அங்கேருந்து வேருக்கு எப்படிப் போவ? அதச் சொல்லு மொதல்ல."

ஏழு தலைகள் யோசிக்கிற அமைதி. நான் எழுந்து திரும்பிப் பார்த்தேன். சீட்டின் நடுவில் டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்த ஒரே ஒரு போன். சுற்றி ஏழு பேர். கவிதா மடியில் ஒரு நோட்டு, அட்டையில் 'தப்புப் பதில்' என்று கொட்டை எழுத்து.

நூர்ஜஹான்தான் முதலில் என்னைப் பார்த்தாள். போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள், பரீட்சையில் பிட்டு மறைப்பதைப் போல.

"மேடம், இது ப்ராக்ஸி இல்ல மேடம்" என்றாள் பதறிப்போய்.

அவர்கள் இரண்டு மாதமாக ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆறு பேரில் இருவரிடம் பட்டன் போன். மற்ற நால்வர் வீட்டிலும் ஒரே போன், அது விடிந்ததும் கணவரோடோ அண்ணனோடோ வேலைக்குப் போய்விடும். நூர்ஜஹானின் கணவர் துபாயிலிருந்து அனுப்பிய போன்தான் ஏழு பேருக்கும் வகுப்பறை. ஒருத்தி பெயரில் ஏழு பேர் பார்ப்பது, ஒருத்திக்காக இன்னொருத்தி 'உள்ளேன்' சொல்வதைப் போன்ற குற்றம் என்று நினைத்துவிட்டார்கள். சொன்னால் நூர்ஜஹானின் வருகையும் போய்விடும். அதனால் ஆறு பேரும் பேசி வைத்துக்கொண்டு என் திட்டை வாங்கிக்கொண்டார்கள்.

நோட்டைக் கேட்டேன். மாலை திரும்புகிற வண்டியில் மறுநாள் பாடத்தின் கேள்வியை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். வீட்டில் யாரிடமாவது கேட்பார்கள். காலையில் பதில்களோடு வருவார்கள். திருவாரூரிலிருந்து நீடாமங்கலத்தில் கூட்டம் ஏறுகிற வரை நாற்பது நிமிடம். நான் பதில் சொல்வதற்கு முன் போனை நிறுத்தி, எத்தனை விதமாகத் தப்பாகச் சொல்லலாம் என்று பார்த்து, ஒவ்வொரு தப்பிலிருந்தும் சரிக்குப் போக ஒரு வழி கண்டுபிடித்து, கடைசியில்தான் என்னைப் பேச விடுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் சொன்னவர் பெயர். அண்ணன். பால்காரர். டிக்கெட் பரிசோதகர். பக்கத்துக்குப் பக்கம் அத்தை, அத்தை, அத்தை.

நான் வருடக்கணக்கில் திருத்திய நோட்டுகளில் ஒருபோதும் வராத பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த நோட்டில் இருந்தார்கள். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பிறகு சொன்னது இதுதான்: "தள்ளி உக்காருங்க, நானும் பாக்கிறேன்."

நோட்டோடு சந்தானம் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். "அப்படியா" என்றார். இது சந்தேகம்.

"நல்ல கதைம்மா. ஆனா பதிவேட்டுல கதை எழுத எடம் இல்ல."

"வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்க சார்."

ஸ்கேலின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நாளைக்குக் காலையில, பக்கத்துப் பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு. ரயில்ல நடந்ததா சொல்றீங்களே, அதே பாடம். ஆறு பேரையும் பார்க்க நேரம் இல்ல. அந்த நோட்டு யார் கையில இருந்துச்சு?"

"கவிதா."

"அப்ப கவிதா எடுக்கட்டும். அவங்க கத்துக்கிட்டிருந்தா ஆறு பேரும் போகலாம். இல்லைன்னா ஆறு பேரும் நிக்கணும்."

அன்று கவிதாவிடம் சொன்னபோது, "எனக்கு மட்டும்னா பரவால்ல மேடம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. சந்தானம் சார் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார், பதிவேடு மடியில். நான் சுவரோரம். மற்ற ஆறு பேரும் சன்னலுக்கு வெளியே. கவிதா ஒரு வாளியோடு உள்ளே வந்தாள். முதல் வார்த்தைக்கே குரல் உடைந்தது. சன்னலுக்கு வெளியே யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. வாளியிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்தாள். கையில் நாற்று வந்ததும் குரல் நிலைக்கு வந்துவிட்டது. அது அவள் அன்றாடம் தொடுகிற பொருள்.

"இது முந்தா நேத்து நட்டது. தண்ணிக்குள்ளதான் நின்னுச்சு. ஏன் வாடிப்போச்சு?"

யாரும் கை தூக்கவில்லை. கவிதா காத்திருந்தாள். நான் என்றால் இந்நேரம் பதிலைச் சொல்லி முடித்திருப்பேன். வாய் துறுதுறுத்தது. அவள் காத்திருந்தாள். இரண்டாவது பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், அதுக்குப் புது எடம். கூச்சமா இருக்கும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் தோள்கள் தாமாக நிமிர்ந்தன. கவிதாவின் முகத்தில் ஓடியதை எப்படிச் சொல்வது? கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுகொண்ட முகம் அது.

"சிரிக்காதீங்க. நல்லாச் சொன்னா. சரி, நீ புது வீட்டுக்குப் போனா, கூச்சத்துல என்ன பண்ண மாட்ட?"

"சாப்பிட மாட்டேன் டீச்சர்."

"சோறு எதுத்தாப்புல இருந்தாலும்?"

"இருந்தாலும்."

"நாத்துக்கும் தண்ணி எதுத்தாப்புலதான் இருக்கு. ஆனா குடிக்க முடியல. நாத்து எதால குடிக்கும்?"

"வேரால" என்று நாலைந்து குரல்கள்.

வாளியிலிருந்து இன்னொரு நாற்றை மண் கட்டியோடு எடுத்தாள். பறித்த நாற்றையும் மண்ணோடு பெயர்த்த நாற்றையும் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோனாள். பறித்ததில் மெல்லிய வேர்கள் அறுந்து மொட்டையாக இருந்தன. மண்ணைத் தண்ணீரில் கரைத்ததும் மற்றதில் வெள்ளை நூல் நூலாகத் தொங்கின. அந்த இரட்டைப் பின்னல்காரி இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"வாய் அறுந்துபோச்சு டீச்சர்" என்றாள்.

"ஆங். மேல இலை தண்ணிய வெளிய விட்டுக்கிட்டே இருக்கு, கீழ வாய் இல்ல. புது வேர் விட எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள்" என்று மொத்த வகுப்பும் கத்தியது. அந்தச் சத்தத்தில் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்ததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். சந்தானம் சாரின் கை.

"நாத்தை மண்ணோடவே பேத்து நட்டா வாடாதா?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"குறைவா வாடும் சார். ஆனா ஒரு ஏக்கருக்கு மண்ணையும் சேத்து நீங்க தூக்கி வருவீங்களா?" என்றாள் கவிதா. வகுப்போடு சேர்ந்து அவரும் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கேயே, அந்த பெஞ்சிலேயே, பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் ஸ்கேலை வைத்தார். ஆறு பெயர். குறிப்பு என்ற கட்டத்தில் பச்சை மையில், 'ஒரே கைபேசியில் கூடிக் கற்றனர். நேரில் கண்டேன்' என்று ஆறு தடவை எழுதி, ஆறு தடவை கையெழுத்துப் போட்டார். மேற்படி என்று ஒரு குறி போட்டு விட்டிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எழுந்து போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எழுத எடம் இருந்துச்சும்மா. நான்தான் பார்க்கல."

சன்னலுக்கு வெளியே ஆறு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்த குதியில் தலைமை ஆசிரியர் ஓடி வந்துவிட்டார்.

அடுத்த வாரம் பியூரெட் ஸ்டாண்டை மறுபடியும் எடுத்தேன். எல்லாப் பாடங்களையும் புதிதாகப் பதிவு செய்தேன். கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்வேன். இருபது வினாடி. திரையில் என் முகம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். முதல் நாள் அந்த இருபது வினாடி எனக்கு ஒரு யுகம். பிறகு பழகிவிட்டது. பயிற்சி மாணவர்கள் நோட்டில் 'மாணவர் செயல்' பகுதியைக் காலியாக விட்டு, வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் நிஜமாகச் சொன்னதை எழுத வேண்டும் என்று மாற்றினோம். செயலியில் ஒரு போனுக்கு எத்தனை பேரும் பெயர் கொடுக்கலாம் என்று சந்தானம் சாரே கேட்டு மாற்றி வாங்கினார். அடுத்த வருடம் கவிதா வீட்டுக்கும் ஒரு போன் வந்தது. ஆனாலும் ரயிலில் ஏழு பேருக்கும் ஒரே போன்தான், டிபன் பாக்ஸ் மேல்தான்.

ஏழு பேரும் தேறினார்கள். கவிதா சான்றிதழ் வாங்க வந்த அன்று கூடவே ஒரு பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். நடவில் காய்த்துப்போன விரல்கள். துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், உள்ளே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத்தை, இவங்கதான் மேடம்."

"தெரியுதே. போன்ல கேள்வி கேட்டுட்டுப் பேசாம பாத்துக்கிட்டே இருக்குறவங்கதானே?"

"ஆமாங்க."

"ரெண்டு வருஷம்னேன். சொன்னபடி ரெண்டே வருஷத்துல முடிச்சுட்டா." மருமகளைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "நீங்க பேசாம இருக்குற அந்த நேரத்துல நான் அடுப்படியிலேருந்து பதில் சொல்லுவேன். ஒங்களுக்குக் கேட்டுச்சாங்க?"

மேசை இழுப்பறையைத் திறந்து, படிப்பு முடிந்ததும் ஏழு பேரும் என்னிடம் விட்டுப்போன அந்த 'தப்புப் பதில்' நோட்டை எடுத்தேன். அத்தை, அத்தை, அத்தை என்று பக்கத்துக்குப் பக்கம் விரலை வைத்துக் காட்டினேன்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றேன்.